லண்டன் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு: றோட்டில் காரை நிறுத்தி விடமுன் லொக் புக்கைப் பாருங்கள்

நேற்றுக் காலை மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு ஓட்டோவைப் பொலிஸ் மறித்தது. நிறுத்தக்கூடாத இடத்தில் ஆளை ஏற்றினதாம். ஓட்டோக்காரர் இறங்கி, "ஐயா, வயசான மனுசி ஐயா" என்று தொடங்கினார். ஐயா கேட்கவில்லை. லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அவர் போஸ்ட் ஒபிசில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்ப் பொலிஸில் காட்டி லைசன்ஸை மீட்க வேண்டும். யாருடைய பிழை, எவ்வளவு, எங்கே கட்டுவது என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாங்கின கையில் சீட்டு இருக்கிறது. இல்லாவிட்டாலும் லைசன்ஸ் இல்லாத பை ஞாபகப்படுத்தும்.

லண்டனில் இந்த ஐந்து நிமிடம் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு 500 பவுண்ஸுக்கு மேல் செலவானது.

விடுமுறைக்குக் கல்லடிக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வளவுத் தம்பி அடுத்த மாதம் படிக்கப் போகிறான். பின்னேரமானால் வந்து விறாந்தையில் இருந்துகொண்டு கேள்விகள் கேட்பான். குளிருக்கு என்ன வாங்குவது, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டுபோகலாம், அங்கே சுறா கிடைக்குமா என்றெல்லாம். காரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அண்ணன், அங்க கார் மலிவாமே?" ஓம், மலிவுதான். இங்கே மோட்டார் சைக்கிள் வாங்குகிற காசுக்கு அங்கே ஓடக்கூடிய பழைய கார் கிடைக்கும். அதனால் போய் ஒரு வருசத்துக்குள் எல்லோரும் வாங்கிவிடுகிறோம். அவனுக்கும், காரைதீவு, கல்முனை, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில் என்று நம்முடைய பக்கத்தில் இருந்து வருகிற மற்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

லொக் புக் என்பது காரின் பதிவுப் பத்திரம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மற்ற அரசாங்கக் காரியங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை லைசன்ஸில் அங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளில் இருந்து 12 மாதம் ஓடலாம். அதை அந்த நாட்டு லைசன்ஸாக மாற்றித் தரமாட்டார்கள், சோதனை எழுதி ஓடிக்காட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் யாரும் ஓடலாம் என்கிற பழக்கம் நமக்கு. அங்கே ஓடுகிற ஆளின் பெயர் இன்சூரன்ஸில் இருக்க வேண்டும். வரி கட்டினதற்குக் கண்ணாடியில் ஒட்டும் தாள் 2014இலேயே இல்லாமல் போய்விட்டது. பழைய ஆள் கட்டின வரி உங்களுக்கு வராது, வாங்குகிற அன்றே நீங்கள் கட்ட வேண்டும். கார் மூன்று வருசத்துக்கு மேற்பட்டதென்றால் ஒவ்வொரு வருசமும் எம்.ஓ.டி என்கிற வாகனத் தகுதிச் சோதனை. சரி, அது அவ்வளவுதான்.

இனி றோட்டு. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரமும் காரை நிறுத்தி விடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, லீவு நாளும் இல்லை. அதற்குப் பலகை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒற்றை மஞ்சள் கோட்டுக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தைப் பக்கத்துக் கம்பத்தில் தேடுவீர்கள், சில ஏரியாக்களில் இருக்காது. ஏனென்றால் அந்த ஏரியாவுக்குள் திரும்பும் முதல் முனையிலேயே ஒரு பலகையில் எல்லாத் தெருவுக்கும் சேர்த்து நேரம் போட்டிருப்பார்கள். நீங்கள் கடையைத் தேடிக்கொண்டு அதைத் தாண்டி வந்திருப்பீர்கள். வெம்பிளியில் இன்னொன்று: ஸ்டேடியத்தில் மட்ச் அல்லது கச்சேரி நடக்கிற நாளில் சுற்றுவட்டாரத் தெருக்களின் விதியே மாறிவிடும். ஈலிங் றோட்டுக்குச் சேலை வாங்கப் போகிறவர்கள் முதல்நாளே அந்தத் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாருடைய வீட்டுக்காவது சாப்பிடப் போனால் வாசலில் வைத்தே கேளுங்கள், "விசிட்டர் பேர்மிட் இருக்கா?" விருந்தாளியின் காரை அந்தத் தெருவில் விடுவதற்கான அனுமதி அது. வெட்கப்பட ஒன்றும் இல்லை, அங்கே எல்லோரும் கேட்பார்கள்.

எனக்குத் தண்ட ரிக்கெட் வந்தது இது எதிலும் இல்லை. நம்முடைய ஊர் நல்ல பழக்கம் ஒன்றில்தான் வந்தது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போகிறபோது அமிர்தகழி றோட்டில் என்ன செய்வோம்? வாகனத்தை முடிந்தவரை ஓரத்துக்கு எடுத்து, இரண்டு சில்லை மண்ணில் இறக்கி விடுவோம், மற்றவன் போகட்டும் என்று. அது மரியாதை. அப்பா எனக்கு வான் ஓடப் பழக்கினபோது முதல் சொன்னதே, "றோட்டு உன்னுடையது இல்லை மகன், தள்ளி விடு" என்றுதான். 2023 மார்கழியில் ஈஸ்ட்ஹாமில் பழைய நண்பனின் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஒடுங்கின தெரு, இரண்டு பக்கமும் கார். பின்னால் வருகிற வான் போக இடம் விடவேண்டும் என்று இடது பக்கத்து இரண்டு சில்லையும் நடைபாதைக் கல்லில் ஏற்றி விட்டேன். பேர்மிட் இருந்தது, மஞ்சள் கோடு இல்லை, எல்லாம் சரி என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடியில் மஞ்சள் நிற உறை.

லண்டனில் நடைபாதையில் கார் விடுவதை 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதற்குப் பலகை தேவையில்லை, கோடும் தேவையில்லை, இரவு பகல் என்றும் இல்லை. ஒரு சில்லு ஏறினாலும் பிழைதான். விடலாம் என்று பலகை போட்டு வெள்ளைக் கோடு கீறியிருக்கிற தெருவில் மட்டும்தான் விடலாம். தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுபோகிறவரும் சக்கர நாற்காலியில் போகிறவரும் றோட்டில் இறங்கக்கூடாது என்பது அவர்களுடைய மரியாதை. அதை நான் இன்று குறை சொல்லமாட்டேன். உள்ளூர்க் கவுன்சிலின் இணையத்தளத்தில் ரிக்கெட் இலக்கத்தைப் போட்டால் படம் வரும். என் படத்தில் நனைந்த கல்லும், அதன்மேல் இரண்டு சில்லும், கண்ணாடிக்குப் பின்னால் மாமாங்கத்து விபூதிப் பையும் தெளிவாகத் தெரிந்தது.

தண்டம் 130 பவுண்ஸ். 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 65. (2025 ஏப்ரலுக்குப் பிறகு லண்டனில் கூடிய தொகை 160 ஆகிவிட்டது.) நண்பன் சொன்னான், "இப்ப கட்டாத மச்சான். மறுகா கடிதம் வரும், அதில நியாயத்தை எழுதலாம்." அவன் சொன்னது பொய் இல்லை. கட்டாவிட்டால் 28 நாளுக்குப் பிறகு கார் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் கவுன்சில் கடிதம் போடும். அதற்குப் பதில் எழுத இன்னும் 28 நாள் உண்டு, அதை நிராகரித்தால் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். நான் அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் நான் ஈஸ்ட்ஹாமில் இருந்து றெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறி ஆறு மாதம். லைசன்ஸில் விலாசத்தை மாற்றியிருந்தேன். பாங்க், டொக்டர், வேலைத்தலம் எல்லாவற்றிலும் மாற்றியிருந்தேன். லைசன்ஸை மாற்றினால் காரின் லொக் புக்கும் சேர்ந்து மாறும், இரண்டும் ஒரே டி.வி.எல்.ஏ (லைசன்ஸும் வாகனமும் பதிகிற அரச அலுவலகம்) தானே என்று நினைத்தேன். மாறாது. லைசன்ஸ் வேறு, லொக் புக் வேறு, இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும். இந்த ஒரு வசனத்தை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை விட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

சித்திரையில் ஒரு காலை ஆறரை மணி. வேலைக்குப் போக இறங்கினால் முன் சில்லில் மஞ்சள் இரும்புப் பூட்டு. பக்கத்தில் வானோடு, தண்டக் காசு அறவிடுகிற ஆள் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார். தெருத்தெருவாகப் போகிற அவர்களுடைய வானில் இருக்கும் கமரா இலக்கத் தகட்டைப் பிடித்துக் காட்டுமாம். 130 ஐம்பது வீதம் ஏறி 195. நீதிமன்றப் பதிவுக் கட்டணம். அறிவித்தல் அனுப்பினதற்கு 75. நேரே வந்ததற்கு 235. காசு கட்டாவிட்டால் காரைக் கொண்டுபோவார். எட்டு மணிக்கு நான் வேலையில் நிற்க வேண்டும். குளிரில் தெருவில் நின்றபடி பாங்க் காட்டைக் கொடுத்துக் கட்டினேன். அந்த மாதம் அம்மாவுக்குக் காசு அனுப்பவில்லை. ஏன் என்று அவவுக்கு இந்த முறை வந்துதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பழைய வீட்டுக்குப் போனேன். மூன்று அறையில் ஏழு பேர் இருக்கிற வீடு. வாசலுக்குள் மின்மானிப் பெட்டிக்கு மேலே, பீட்சா விளம்பரங்களோடு றப்பர் பாண்ட் போட்டு ஒரு கட்டு. அதற்குள் என் பெயருக்கு நான்கு கடிதம், ஒன்றும் உடைக்கவில்லை. காரின் பதிவுக்காரருக்கான அறிவித்தல், தொகை கூடினதற்கான பத்திரம், நீதிமன்ற ஆணை, கடைசியாக அறவிடுகிறவர்களின் கடிதம். திகதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு உறையும் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இரவு வேலைக்குப் போகிறவர்கள், நான் எங்கே போனேன் என்றுகூடத் தெரியாது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடிப் பொலிஸ்காரர் ஓடினவரைப் பிடித்தார். அங்கே கவுன்சில் ஓடினவரைத் தேடாது, லொக் புக்கில் இருக்கிற பெயரையும் விலாசத்தையும்தான் தேடும். யார் ஓடினது, யார் அந்த வீட்டில் இருக்கிறார் என்று விசாரிக்க மாட்டார்கள். கடிதம் அந்த விலாசத்துக்குப் போனால் உங்களுக்குக் கிடைத்ததாகத்தான் கணக்கு நடக்கும். நாம் போன புதிதில் வருசத்துக்கு இரண்டு தரம் அறை மாறுகிறவர்கள். அதனால்தான் இது நம்மைத்தான் அதிகம் அடிக்கும் என்று சொல்கிறேன்.

லொக் புக்கின் விலாசத்தை இணையத்தில் மாற்றலாம், காசு இல்லை. மாற்றாமல் இருந்தால் அதற்கே 1,000 பவுண்ஸ் வரை தண்டம் போடலாம். வீட்டுச் சாமானை வானில் ஏற்றுகிற அன்றைக்கே அதைச் செய்யுங்கள். காரை விற்றால் விற்ற அன்றே டி.வி.எல்.ஏக்கு அறிவியுங்கள், தெரிந்த பெடியனுக்குத்தானே கொடுத்தேன் என்று விடாதீர்கள். அவன் வாங்குகிற ரிக்கெட் எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும்.

இதைவிடப் பெரிய பிழை, இன்சூரன்ஸ் குறையும் என்று காரை அத்தானின் பெயரில் எடுப்பது. ஓடுகிறது நீங்கள், காட்டுகிறது அவர் என்றால் அது இன்சூரன்ஸ் மோசடி. அதை விட்டாலும், எனக்குத் தெரிந்த களுவாஞ்சிக்குடிக் குடும்பம் ஒன்றில் தம்பியின் மூன்று ரிக்கெட்டை அத்தான் பேசாமல் கட்டினார். நாலாவதில் வாய்த்தர்க்கம் வந்தது. இன்று அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, தாய்மாமன் வரவில்லை. நாலு மஞ்சள் உறைக்கு ஒரு தாய்மாமன் போய்விட்டார்.

ரிக்கெட் கிடைத்தால் முதலில் அந்த இடத்திலேயே படம் எடுங்கள். சில்லு, கோடு, பலகை, பலகை மறைந்திருந்தால் மறைத்த மரம், எல்லாம். போட்டு முடித்த ரிக்கெட்டுக்காக வார்டனோடு வாதாடிப் பயனில்லை. காரணம் இருந்தால் 14 நாளுக்குள் இணையத்தில் எழுதுங்கள், நிராகரித்தாலும் பெரும்பாலான கவுன்சில்கள் அரைவாசி மட்டும் கட்டுகிற சலுகையைத் திரும்பவும் தரும். காசு கட்டின நேரம் முடிந்து 10 நிமிடம் வரை ரிக்கெட் போடக்கூடாது என்று இங்கிலாந்தில் விதி உண்டு, ஆனால் அது மஞ்சள் கோட்டுக்குப் பொருந்தாது. காரணம் இல்லை என்றால், என்னுடையதைப் போல, அன்றிரவே அரைவாசியைக் கட்டிவிட்டுப் படுங்கள். இது குற்றவியல் வழக்கு இல்லை, லைசன்ஸில் புள்ளியும் விழாது. பயப்படத் தேவையில்லை, பேசாமல் விடவும் கூடாது.

கடிதமே கிடைக்காமல் நீதிமன்றம் வரை போய்விட்டது என்றால், டி.ஈ 9 என்கிற சாட்சியப் பத்திரத்தை நிரப்பி நோர்தாம்ப்டனில் இருக்கும் போக்குவரத்து அமுலாக்க மையத்துக்கு அனுப்பலாம். நாள் பிந்தியிருந்தால் டி.ஈ 7உம் சேர்த்து. ஏற்றுக்கொண்டால் விசயம் கவுன்சிலுக்குத் திரும்பும். விலாசத்தை மாற்றாதது உங்கள் பிழை என்று மறுக்கவும் கூடும். இப்படி ஒரு வழி இருப்பதே அந்தக் காலை எனக்குத் தெரியாது.

கடைகளின் கார் பார்க்கில் தனியார் கொம்பனி அனுப்பும் கடிதம் வேறு. பார்க்க அதே மாதிரி இருக்கும், பி.சி.என் என்கிற சுருக்க எழுத்தும் அதேதான், ஆனால் அது அரசாங்கத் தண்டம் இல்லை. பழைய ஆட்கள் "கிழித்துப் போடு" என்பார்கள். 2012இல் சட்டம் மாறினபிறகு கார் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே காசைக் கேட்க அவர்களுக்கு வழி வந்துவிட்டது. கிழிக்காமல் கடிதத்தில் இருக்கிற முறைப்படி மேன்முறையீடு செய்யுங்கள்.

நேற்றுப் பின்னேரம் தம்பி வந்தபோது என் புது லொக் புக்கின் படத்தைப் போனில் காட்டினேன். விலாசம் இருக்கிற இடத்தைப் பெரிதாக்கி வாசித்தான். "அண்ணன், நான் முதல் மாமாட வீட்டதான் நிப்பன். மறுகா எங்கயோ தெரியா" என்றான். அப்படியென்றால் நிரந்தரமாக ஓர் அறை எடுக்கும்வரை கார் வாங்காதே, பஸ்ஸில் போ என்றேன்.