வீட்டு எண் விளக்கை எல்இடிக்கு மாற்றும் முறை

வாசலில் வீட்டு எண்ணைப் பின்னிருந்து ஒளிரச் செய்யும் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் சிறிய இழை பல்புகளே இருக்கும். 5 வாட் பல்புகள் இரண்டு, இரவுதோறும் 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட் மின்சாரம் செலவாகும். அரை வாட் எல்இடி பல்புகள் இரண்டு அதே வேலையை 5 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஒரு வீட்டின் கணக்கில் இது பெரிய சேமிப்பு அல்ல. இழை அறுந்துபோகும் ஒவ்வொரு முறையும் துருப்பிடித்த திருகுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதே இந்த மாற்றத்தின் உண்மையான ஆதாயம்.

பல்பு வாங்குவதற்கு முன்பு, பெட்டிக்கு எந்த வகை மின்சாரம் வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பலர் இதைச் செய்யாமல்தான் வாங்கிய பல்பை இரண்டே வாரத்தில் எரித்துவிடுகிறார்கள். சில பெட்டிகள் நேரடியாக மெயின் மின்சாரத்தில் இயங்கும். அவற்றில் அதே ஹோல்டருக்குப் பொருந்தும் எல்இடி பல்பை மாட்டினால் போதும். மற்றவை காலிங் பெல்லுக்கான டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே 8 முதல் 24 வோல்ட் வரையிலான மின்சாரத்தைப் பெறுபவை. டிரான்ஸ்ஃபார்மரின் மீதுள்ள வில்லையில் வெளியீட்டு வோல்ட் எண்ணுக்கு அருகில் அலை போன்ற கோடு இருந்தால் அது ஏசி, அதாவது திசை மாறிமாறிப் பாயும் மின்சாரம். நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு இழுத்த கோடும் இருந்தால் அது டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம்.

இழை பல்புக்கு ஏசி, டிசி என்ற வேறுபாடு கிடையாது, எல்இடிக்கு உண்டு. அது ஒரு டையோடு என்பதால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். ஆகவே காருக்கென்று விற்கப்படும் 12 வோல்ட் டிசி எல்இடியை ஏசியில் மாட்டினால், ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் அது அணைந்தே இருக்கும்; கண்ணை உறுத்தும் துடிப்பு தெரியும். அதைவிடக் கேடானது உச்ச மின்னழுத்தம். 16 வோல்ட் ஏசி என்று குறிக்கப்பட்டது, ஒவ்வொரு அலையின் உச்சியிலும் ஏறத்தாழ 22.6 வோல்ட்டைத் தொடுகிறது. போதாததற்கு, சுமை (இணைந்த விளக்குகள் இழுக்கும் மின்சாரம்) குறையும்போது சாதாரண டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீடு குறித்த அளவைவிடச் சற்று உயரும். எல்இடிக்கு மாறும்போது நாம் செய்வதோ சுமையைக் குறைப்பதுதான். எனவே மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்து உண்மையான வோல்ட்டை அளந்துவிட்டு, ஏசி, டிசி இரண்டுக்கும் ஏற்றது என்றும், அளந்த மதிப்பு உள்ளடங்கும் வகையில் 10 முதல் 30 வோல்ட் வரை என்பது போன்ற வீச்சும் குறிக்கப்பட்ட பல்பையே தேர்ந்தெடுங்கள்.

இரும்பு உள்ளகம் இல்லாத எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் இன்னொரு சிக்கல் வரலாம். அவற்றில் பலவற்றுக்குக் குறைந்தபட்சச் சுமை தேவை; ஒரு வாட் எல்இடியை அவை சுமையாகவே கருதாமல் விட்டுவிட்டு எரிக்கும், அல்லது எரிக்கவே எரிக்காது. அதில் விளக்கு மட்டுமே இணைந்திருந்தால் எல்இடிக்கான டிசி டிரைவரை (எல்இடிக்கு ஏற்ற டிசி மின்சாரம் தரும் சிறு கருவியை) வாங்கி மாற்றுவது நல்லது. பெல்லும் அதே இணைப்பில் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் கைவைக்காதீர்கள்.

வேலையைத் தொடங்கும்போது மின்பலகையில் உள்ள எம்சிபி சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். இரு முனைகளிலும் உலோகத் தொப்பியுடன் குழாய் வடிவில் பல்பு இருந்தால் அதன் முழு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் ஆகியவை வழக்கமான அளவுகள். ஓரிரு மில்லிமீட்டர் குறைவான பல்பை மாட்டிவிட்டு, அதைப் பிடிக்கும் தொடுதகடுகளை உள்நோக்கி வளைப்பவர்கள் உண்டு; அந்தப் பிடிமானம் நாளடைவில் தளர்ந்துவிடும். தொடுதகடுகளில் பச்சை படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

எண் பளிச்சென்று எரிய வேண்டும் என்று அதிக ஒளி தரும் பல்பை நாடுவது தவறு. தெருவிலிருந்து படிக்க உதவுவது ஒளியின் மிகுதியல்ல, அது அக்ரிலிக் முழுவதும் சீராகப் பரவுவது. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். பல எல்இடிகளோ ஒரு பக்கம் மட்டுமே வீசுவதால் எண்ணின் நடுவே வெள்ளைப் புள்ளி விழும். எல்லாப் பக்கமும் சில்லுகள் பதித்த பல்பு கிடைக்காவிட்டால், ஒளி பின்சுவரில் பட்டுத் திரும்பும்படி பல்பைத் திருப்பி மாட்டி, அந்தச் சுவருக்கு மங்கல் வெள்ளை வண்ணம் பூசலாம். நிறத்தில் 3000 கெல்வின் அளவிலான மென்மஞ்சளையே நான் பரிந்துரைப்பேன். 6000 கெல்வினின் நீலம் கலந்த வெண்மை, பழுப்பேறிய அக்ரிலிக்கின் குறைகளை இன்னும் எடுத்துக்காட்டும்.

பழைய பல்பு தன் வெப்பத்தால் பெட்டியின் ஈரத்தை ஓரளவு உலர்த்திவந்தது. எல்இடி அதைச் செய்யாது. ஆகையால் விரிசல் விட்ட ரப்பர் பட்டையை மாற்றி, மேல் விளிம்பையும் பக்கங்களையும் சிலிகானால் அடையுங்கள். அடிப்பக்கத்தில் நீர் வடிவதற்கான துளை இருந்தால் அதை மட்டும் அடைக்கக் கூடாது.

மூடியபின், விளக்கு எரியும்போதே காலிங் பெல்லை அழுத்திப் பாருங்கள். ஒரு கணம் ஒளி மங்கி மீள்வது இயல்பு. பெல் ஒலித்து முடிந்த பிறகும் மங்கலாகவே இருந்தால், தொடுதகடுகளையும் கம்பி முனைகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.