ஐ20 என் லைன் வாங்கப் போகிறீர்களா?

ஹூண்டாய் ஐ20 காரின் ஸ்போர்ட்டி வடிவமான என் லைனில் என்6, என்8 என்ற இரண்டு வேரியன்ட்டுக்கும் ஒரே 1 லிட்டர் டர்போ இன்ஜின், 120 பி.எஸ். பவர் தான். என்8-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் போஸ் ஸ்பீக்கர் மாதிரி வசதிகளுக்குப் போகிறது, வேகத்துக்கு இல்லை. ஓட்டும் சுகம்தான் முக்கியம் என்றால் என்6 மேனுவலே போதும் என்பேன்.

சரி, விலை. கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் விலை கேட்டு, அந்தத் தாளை மேசையில் வையுங்கள். எனக்குத் தந்த கொட்டேஷனின் அடியில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தது. எதற்கு என்று கேட்டதும் பேனாவால் அடித்துவிட்டார்கள்.

அப்புறம், டிசம்பர் தள்ளுபடி நல்லதுதான். ஆனால் விற்கும்போது ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள்; டிசம்பரில் வாங்கிய கார் ஜனவரியிலேயே போன வருட வண்டி ஆகிவிடும். அதற்கும் சேர்த்துக் குறைத்துக் கேளுங்கள்.