ஒரு சட்டம் நாடு தாண்டிய தடத்தைப் பிடிப்பது எப்படி?

ஒரு நாட்டுச் சட்டத்தைப் பார்த்து இன்னொரு நாடு எழுதியதா என்று தேடுவது, தில்லியில் ஆர்.கே.புரத்திலோ கரோல் பாகிலோ ஞாயிறு மாலை கூடும் தமிழ் வாசகர் வட்டத்துக்கு ஏற்ற வேலை. ஆறு பேர், மூன்று மணி நேரம், ஒரு சார்ட் தாள், இரண்டு லேப்டாப் போதும். ‘உலகெங்கும் சர்வாதிகாரம் வளர்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால், டீ ஆறுவதற்குள் கட்சிச் சண்டை வந்துவிடும். ஒரே ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளைக் குறிவைக்கும் சட்டம் இதற்கு வசதி.

முதலில், இந்த வகைச் சட்டம் எந்த நாட்டில் எப்போது வந்தது என்ற ஆண்டு வரிசை. அமெரிக்கா 1938, இந்தியா 1976 (நெருக்கடி நிலைக் காலம்), ரஷ்யா 2012, ஹங்கேரி 2017, நிகரகுவா 2020, கிர்கிஸ்தான் 2024, ஜார்ஜியா 2024. இதை எழுதியதுமே ‘எல்லாம் ரஷ்யாவைப் பார்த்து வந்தது’ என்ற பேச்சு பாதி அடங்கிவிடும்.

அடுத்து சார்ட் தாளில் நாட்டுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டங்கள் போடுங்கள்: யாரைப் பிடிக்கிறது, எவ்வளவு பணம் வந்தால் பிடிக்கிறது, வெளிநாட்டார் சொற்படி நடந்ததாகக் காட்ட வேண்டுமா, யார் முடிவெடுக்கிறார், தண்டனை என்ன.

மூன்றாவது கட்டத்தில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டாரின் உத்தரவு, வேண்டுகோள் அல்லது கட்டுப்பாட்டின்கீழ் இயங்கியிருக்க வேண்டும். ரஷ்யாவில் 2012இல், ஓர் அமைப்புக்கு ‘வெளிநாட்டு முகவர்’ என்று முத்திரை குத்த வெளிநாட்டுப் பணமும் ‘அரசியல் செயல்பாடும்’ சேர்ந்தாலே போதும் என்றார்கள். 2014 முதல் நீதி அமைச்சகம் தானாகவே பெயரை முகவர் பட்டியலில் ஏற்றலாம். 2022இல் பணம்கூடத் தேவையில்லை, ‘வெளிநாட்டுச் செல்வாக்கு’ போதும் என்றாயிற்று. ஹங்கேரியின் வரம்பு ஆண்டுக்கு 72 லட்சம் ஃபோரின்ட். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 ஜூனில் அதைத் தவறென்றது, மறு ஆண்டு அந்தச் சட்டம் போயிற்று. ஜார்ஜியாவில் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுப் பணமென்றால் பதிய வேண்டும். தவறினால் 25,000 லாரி (ஜார்ஜிய நாணயம்) அபராதம்.

பெயரை நம்பாதீர்கள். போராட்டத்தால் 2023இல் ஜார்ஜியா திரும்பப் பெற்ற மசோதாவில் ‘முகவர்’ என்ற சொல் இருந்தது; 2024இல் அந்தச் சொல் போய், உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே வந்தது. மொழிபெயர்ப்புச் செயலியிலும் இங்கேதான் சறுக்கும். முகவர் என்றதும் நமக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட் ஞாபகம் வரும். ரஷ்யக் காதுக்கோ சோவியத் கால உளவாளி வாடை அடிக்கும்.

இனி நாடுகளை இணைக்கும் கோடுகள். வாசகம் ஒத்திருந்தால் பென்சில் கோடு. நாடாளுமன்ற விவாதத்திலோ மசோதாவின் விளக்கக் குறிப்பிலோ ஆள்வோரே மூலத்தைச் சொல்லியிருந்தால் மட்டும் பேனா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜார்ஜியப் போராட்டக்காரர்கள் ‘ரஷ்யச் சட்டம்’ என்றார்கள். அந்தக் கோடு பென்சிலில்தான் நிற்கும். பேனாக் கோடுகள் அமெரிக்காவிலிருந்து கிளம்பும்: ரஷ்யா 1938ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித்தான் நியாயம் சொன்னது, 2025இல் ஜார்ஜிய ஆளுங்கட்சி அதன் நேர் மொழிபெயர்ப்பு என்றே இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. ஆனால் மூலம் இதுவென்று அரசு சொல்வது சில நேரம் போர்வை. ரஷ்ய வரிசையின் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள், அமெரிக்க நிபந்தனை அங்கே இருக்காது. வாசகம் அப்படியே இருந்தாலும் நான்காவது கட்டம், அதாவது முடிவெடுப்பவர், மாறினால் விளைவும் மாறிவிடும்.

இந்திய வரிசையைக் கடைசியில் நிரப்புங்கள். முதலில் எடுத்தால் மற்ற நாடுகளுக்கு நேரமே இருக்காது. இங்கே பணம் வருவதற்கு முன்பே பதிவோ அனுமதியோ வேண்டும். ‘முகவர்’ முத்திரை கிடையாது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2010இல் புதியது வந்தது. 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. வெளிநாட்டுப் பணம் முதலில் சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளைக்கே வர வேண்டும் என்றது. பட்டேல் சௌக் மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான்.

ஜனநாயகக் குறியீட்டுத் தரவரிசைகளைத் தாளின் ஓரத்தில் மட்டும் குறியுங்கள். அவை நிலைமையைச் சொல்லும், யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று சொல்லா. மாலை முடிந்ததும் பென்சில் கோடுகளை அழிக்காமல் தாளைச் சுருட்டி வையுங்கள். அடுத்த வாரத்துக்கு அவற்றில் ஒன்று போதும்.