கொரோனா வார்டில் கால் தமனி அடைப்பைக் கண்டுபிடிப்பது

கொரோனாவுக்காகப் படுத்திருப்பவர் திடீரென ஒரு கால் வலிக்கிறது என்றால், படுத்தே கிடந்த அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். வைரஸ் தூண்டும் அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குவதால் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயான தமனியிலும் ரத்தம் உறையலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபரின் ஊசியைத் தினமும் 40 மி.கி. போட்டும் உறைந்துவிடுவதுண்டு.

போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாயான சிரை அடைத்தால் கால் வீங்கிச் சூடாகும். தமனி அடைத்தால் வெளுத்துச் சில்லிடும். பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பாருங்கள். நம் விரல்துடிப்பையே நோயாளியின் நாடியென்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சந்தேகம் வந்தால், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியை வையுங்கள். கால்விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விட்டால் 2, 3 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பிறகு விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். மரத்துப்போவதும் அசைக்க முடியாததும் ஆபத்தின் உச்சம்.

வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பவர் வலியைச் சொல்லமாட்டார். அவருக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் இதைச் செய்தே ஆகவேண்டும்.

அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ரத்தநாள அறுவை மருத்துவரை உடனே அழையுங்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் தசை அழியத் தொடங்கும். ரத்தக்கசிவு அபாயம் இல்லையென்றால், ஸ்கேனுக்குக் காத்திராமல் மருத்துவர் ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை நரம்பு வழியாகத் தொடங்குவார். வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு முதலில் 80 யூனிட், பின்பு மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட். அதுவரை காலை உயர்த்தாதீர்கள், வெந்நீர்ப்பை வைக்காதீர்கள், தேய்த்துவிடாதீர்கள்.