கால்நடைப் பரவலையும் காட்டுத் தாவரங்களையும் வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு மாவட்டத்தில் அந்தியூருக்கு வடக்கே எழும் பர்கூர் மலையில், செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகளைத் தலைமுறைகளாகப் பட்டி போட்டு வளர்த்து வருகிறார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களைச் சேர்ந்த சுமார் 800 சதுர கிலோமீட்டர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஓரிடத்தில் மாடுகள் எங்கே எவ்வளவு மேய்கின்றன, அங்கே காடு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் வெறும் ஆய்வுக் கட்டுரையின் இணைப்பாக நின்றுவிடாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பார்கள். ஆகவே அதில் நேரும் பிழை மாடு வளர்ப்பவரின் பிழைப்பையும் காட்டின் எதிர்காலத்தையும் ஒருசேரப் பாதிக்கும். இத்தகைய வேலைகளில் திரும்பத் திரும்பக் காணும் தவறுகளை, பர்கூர், சத்தியமங்கலம் போன்ற மலைக்காடுகளை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

எண்ணிய இடம் வேறு, மேய்ந்த இடம் வேறு

முதன்மையான தவறு கால்நடைக் கணக்கெடுப்பைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. 2019இல் வெளியான 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டின் கால்நடைகளைச் சுமார் 53.6 கோடி என்றும், அவற்றில் மாடுகள் சுமார் 19.25 கோடி என்றும் சொல்கிறது. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று எடுத்த எண்ணிக்கை இது. அதாவது, மாடு யாருடையது, அவர் எந்த ஊர்க்காரர் என்பதை இது பதிவு செய்கிறது. அந்த மாடு பகலில் எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைப் பற்றி இதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் வரைபடம் தயாரிப்பவர் வருவாய் கிராமத்தின் எல்லையை எடுத்து, மாடுகளின் எண்ணிக்கையை அதன் பரப்பால் வகுத்து, வரும் விடையை மேய்ச்சல் அடர்த்தி என்று பெயரிட்டு வண்ணம் தீட்டிவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு மலைக்கிராமத்தில் 1,000 மாடுகள் இருப்பதாகவும், அதன் வருவாய் நிலம் 5 சதுர கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 200 மாடுகள் என்று வரும். அதே மாடுகள் உண்மையில் சுற்றியுள்ள காப்புக்காட்டில் 50 சதுர கிலோமீட்டரில் பரவி மேய்ந்தால் அடர்த்தி 20தான். முதல் வரைபடம் ஊரைச் செக்கச்சிவப்பாகவும் காட்டை வெள்ளையாகவும் காட்டும். இரண்டுமே பொய். கணக்கெடுக்கப்படாத காட்டுப் பகுதிக்குச் சுழியம் என்று மதிப்பிடுவது இந்தப் பொய்யை இன்னும் வலுவாக்குகிறது. 'கால்நடை இல்லை' என்பதும் 'தகவல் இல்லை' என்பதும் தனித்தனி நிறங்களில் இருந்தே ஆக வேண்டும்.

தலை எண்ணிக்கையை அப்படியே கூட்டுவதும் இதன் உடன்பிறப்பான தவறு. தமிழ்நாட்டில் இன்று மாடுகளின் பெரும்பகுதி கலப்பினம். தொழுவத்தில் கட்டி, தீவனம் போட்டு, பால் கறக்கும் ஜெர்சி கலப்பின மாடு காட்டுக்குள் கால் வைப்பதே இல்லை. கணக்கெடுப்பு கலப்பின மாடுகளையும் நாட்டு மாடுகளையும் பிரித்தே தருகிறது. அந்தப் பிரிவினையைப் பயன்படுத்தாமல் மொத்த எண்ணிக்கையை எடுத்தால், சமவெளியின் பால் மாடுகள் காட்டோரத்து மேய்ச்சல் அழுத்தமாக உருமாறி நிற்கும். வெவ்வேறு விலங்குகளை ஒப்பிட, 250 கிலோ உடல் எடையை ஓர் அலகாகக் கொண்டு மாட்டுக்கு 0.7, ஆட்டுக்கு 0.1 என்று மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். தீவனத் தேவைக்கு இது போதும். ஆனால் மாடு பெரும்பாலும் புல்லை மேய்கிறது, வெள்ளாடு தழையையும் இளங்கன்றுகளையும் கடிக்கிறது என்பதால், மரங்களின் மறுவளர்ச்சியை ஆராய்பவர் இரண்டையும் ஒரே எண்ணாகக் குழைத்துவிடக் கூடாது.

இதற்கு மாற்று வழி மேய்ப்பவரிடமே இருக்கிறது. பட்டி எங்கே போடுகிறார்கள், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள், கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சில மந்தைகளோடு நடந்து ஜிபிஎஸ் பதிவு எடுத்தால், எண்ணிக்கையைப் பட்டியிலிருந்து வெளிநோக்கிப் பரப்ப முடியும். அப்படிப் பரப்பும்போதும் வரைகோலால் வட்டம் போடக் கூடாது. செங்குத்துச் சரிவில் மாடு ஏறாது. தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது. சரிவையும் நீர்நிலையையும் கணக்கில் கொண்ட நடைதூரம்தான் பொருத்தமானது.

பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு அல்ல

தாவரத்துக்குச் செயற்கைக்கோள் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் தாவரப் பசுமைக் குறியீட்டில் தொடங்குகிறார்கள். அண்மை அகச்சிவப்பு அலைவரிசைக்கும் சிவப்பு அலைவரிசைக்கும் உள்ள வேறுபாட்டை, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எளிய எண் அது. எவ்வளவு பச்சை என்று சொல்லும். எது பச்சை என்று சொல்லாது. மேற்கு மலைத்தொடரிலும் அதையொட்டிய மலைகளிலும் இந்த வேறுபாடு மிக முக்கியமானது, ஏனெனில் உண்ணிச்செடி எனப்படும் லண்டானா இங்கே மரங்களுக்கு அடியில் புதராக அடைத்துக்கொண்டு வளர்கிறது. அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த அமெரிக்கச் செடியின் இலை மாட்டுக்கு நஞ்சு. மாடுகள் அதைத் தவிர்க்கின்றன. அது பரவப் பரவப் புல் குறைகிறது. புல் குறையக் குறைய மந்தை இன்னும் உள்ளே போகிறது. இதே இடத்தைப் பசுமைக் குறியீட்டில் பார்த்தால் மதிப்பு உயர்ந்திருக்கும். ஆய்வாளர் 'தாவரம் மீண்டுவிட்டது' என்று எழுதிவிடுவார். மேய்ச்சல் நிலமாகப் பார்த்தால் அந்த இடம் ஏறக்குறைய செத்துவிட்டது. நீலகிரியில் சீகை (வாட்டில்) மரங்கள் மூடிய புல்வெளிக்கும் இதே கதைதான்.

எதிர்த்திசைத் தவறு பருவத்தில் வருகிறது. பர்கூர், சத்தியமங்கலம் பகுதிகளில் பெரும்பாலான காடு இலையுதிர் காடும் முட்காடும் ஆகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையற்று நிற்கும்; புல் காய்ந்து மஞ்சளாகிவிடும்; சில இடங்களில் தீ எரிந்த கரும்புள்ளிகளும் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் அதிகம் என்பதால், மேகமற்ற நல்ல படம் தேடுபவருக்குக் கோடைப் படமே எளிதில் கிடைக்கிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, பட்டிகளைச் சுற்றிக் காடு அழிந்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அதே சரிவை டிசம்பரில் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள். ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே பருவத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். அந்தந்த ஆண்டின் மழையளவையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். வறட்சி ஆண்டின் வாட்டத்தை மாட்டின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

'காட்டுப் பரப்பு' என்ற ஆயத்தத் தரவை எடுத்தாள்வோர் அதன் வரையறையைப் படிப்பது அவசியம். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மரக்கவிகை (மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு) 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், நிலம் யாருடையதானாலும் மரம் எந்த இனமானாலும் அது காட்டுப் பரப்பே. தோப்பும் தைல மரத் தோட்டமும் அதில் சேரும். கவிகை 10 சதவீதத்துக்குக் குறைந்தால் அது புதர்நிலம் அல்லது காடல்லாத நிலம் என்ற வகைக்குப் போய்விடும். இயற்கையான புல்வெளியையும் முட்காட்டையும் 'சீரழிந்த காடு' என்று படிக்கும் வழக்கம் இந்த வகைப்பாட்டைப் புரிந்துகொள்ளாததால் வருவது. மாடுகள் மேய விரும்புவதும் அந்தத் திறந்த நிலங்களைத்தான். கவிகை குறைந்த இடத்தில் மாடு அதிகம் என்று வரைபடம் காட்டினால், மாடு மேய்ந்ததால் கவிகை குறைந்ததா, கவிகை இயல்பிலேயே குறைவாக இருந்ததால் மாடு அங்கே போகிறதா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரைபடத்தால் விடை சொல்ல முடியாது.

தாவரத்தைக் கொண்டு கணித்த மாட்டைத் தாவரத்தோடு ஒப்பிடுவது

உலகக் கால்நடைகளின் பரவலைக் கட்டம் கட்டமாகத் தரும் தரவு ஒன்றை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு பல பதிப்புகளாக வெளியிட்டு வருகிறது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு 2010ஆம் ஆண்டைக் குறிக்கிறது. இலவசமாகக் கிடைப்பதால் பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தும்போது இரண்டு பிழைகள் செய்கிறார்கள்.

முதலாவது, அளவு பற்றியது. அதன் ஒரு கட்டம் பர்கூர் அட்சரேகையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர், அதாவது 80 சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேல். மேலே சொன்ன சரணாலயம் முழுவதும் அதில் சுமார் பத்துக் கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அதே இடத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் 10 மீட்டர் பக்கமுள்ள நூறு பிக்சல்கள் இருக்கின்றன. அந்தப் பத்துக் கட்டங்களை 10 மீட்டருக்கு நுணுக்கிக் கொண்டால் மென்பொருள் மறுப்புச் சொல்லாது. படமும் அழகாக வரும். ஆனால் புதிய தகவல் ஓர் இம்மியும் சேர்ந்திருக்காது. இரவில் மந்தை அடையும் ஒரு பட்டியை நினைத்துப் பாருங்கள்: முள்வேலிக்குள் மிதிபட்டு மண்ணான ஒரு சிறு வெளி, ஓரத்தில் குவித்த சாணம், சுற்றிலும் மரங்கள். சென்டினல் படத்தில் அது சில பிக்சல்களாகத் தெரியலாம். அந்தப் பெரிய கட்டத்தில் அது இருக்கவே இருக்காது.

இரண்டாவது பிழை நுட்பமானது, ஆகவே ஆபத்தும் அதிகம். அந்தத் தரவு, கணக்கெடுப்பு எண்ணிக்கையை எடுத்து, தாவரம், தட்பவெப்பம், நில அமைப்பு, மக்கள் அடர்த்தி முதலியவற்றைக் கொண்டு ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கணிப்பு முறையில் பரப்பப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு 'மாட்டின் அடர்த்திக்கும் தாவரத்துக்கும் தொடர்பு இருக்கிறதா' என்று சோதித்தால் தொடர்பு கட்டாயம் தெரியும். அதை உள்ளே வைத்ததே கணிப்பு மாதிரிதான். இதை முன்னுணர்ந்தே தயாரித்தவர்கள், சுற்றுச்சூழல் காரணிகளைச் சேர்க்காமல் எண்ணிக்கையைப் பரப்பளவுக்கேற்பச் சமமாகப் பகிர்ந்த மற்றொரு வடிவத்தையும் உடன் தந்திருக்கிறார்கள். இத்தகைய சோதனைக்கு அந்த வடிவத்தையே எடுக்க வேண்டும்.

பின்னணித் தரவுகளும் சரிபார்ப்பும்

சில செய்திகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். தமிழ்நாடு 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் இரு பக்கமும் விரிகிறது. உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வரைபட முறையில் பர்கூர் 43ஆம் மண்டலத்திலும் கொல்லிமலை 44ஆம் மண்டலத்திலும் விழும். இரண்டையும் ஒரே திட்டத்தில் சேர்க்கும்போது இரண்டுக்கும் பொதுவான ஒரு வீழலை (உருண்டைப் புவியைத் தட்டையாக்கும் முறையை) தேர்ந்துகொள்ள வேண்டும். பழைய நிலவரைத் தாள்கள் எவரெஸ்ட் எனப்படும் பழைய புவி அளவை ஆதாரத்தில் வரையப்பட்டவை. மாற்றாமல் இன்றைய ஜிபிஎஸ் புள்ளிகளை அவற்றின்மேல் வைத்தால் ஓடை ஒரு பக்கமும் அதைக் கடந்த தடம் வேறு பக்கமும் நிற்கும். 2000 பிப்ரவரியில் ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவு, அடர்காட்டில் தரையின் உயரத்தோடு மரக்கவிகையின் உயரத்தையும் ஓரளவு சேர்த்துக் காட்டும். ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் கிடைக்கும் மழை வரைபடம், தொலைதூர மழைமானிகளுக்கு இடையே ஊகித்து நிரப்பியது. ஒரே மலையின் மழைப் பக்கத்துக்கும் மழைமறைவுப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது தவறவிடலாம்.

சரிபார்ப்பில் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். களப்புள்ளிகள் பெரும்பாலும் சாலையோரத்திலேயே எடுக்கப்படுகின்றன. சாலையோரம்தான் உண்ணிச்செடியும் அதிகம், ஆள்நடமாட்டமும் அதிகம். அந்தப் புள்ளிகளைக் கலைத்துப்போட்டு, ஒரு பங்கைக் கணிப்பு மாதிரியின் பயிற்சிக்கும் மறுபங்கைச் சோதனைக்கும் பிரித்தால், சோதனைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பயிற்சிப் புள்ளி ஒன்று இருக்கும். அருகருகே உள்ள இடங்கள் ஒத்திருப்பது இயல்பு என்பதால் துல்லியம் உண்மைக்கு மேல் உயர்ந்து நிற்கும். ஒரு பள்ளத்தாக்கை முழுமையாக ஒதுக்கிவைத்து, அங்கே கணிப்பு மாதிரி எப்படிச் செயல்படுகிறது என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், எந்த வகை எதனோடு குழம்புகிறது என்ற அட்டவணையைத் தருவதும் கடமை.

வரைபடத்தை வெளியிடும் முன் அதை அச்சிட்டு எடுத்துச் சென்று பட்டிக்காரர்களிடமும் வனத்துறைக் களப்பணியாளர்களிடமும் காட்டுங்கள். தவறான இடத்தில் விழுந்த பட்டியையும், வற்றிப்போன ஓடையையும், இப்போது யாரும் மேய்க்காத சரிவையும் அவர்கள் விரல் வைத்துச் சுட்டுவார்கள். வெளியிடும்போது ஒவ்வொரு கட்டத்தின் நம்பகத்தன்மையைக் காட்டும் இணை வரைபடம் ஒன்றையும் சேர்த்தே தர வேண்டும். பட்டிகளின் துல்லிய ஆள்கூறுகளைப் பொதுவில் வைக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் கால்நடை வளர்ப்போரின் பருவகாலப் பயன்பாட்டையும் சமூக உரிமைகளில் சேர்த்திருக்கிறது. அந்த உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தங்கள் ஆள்கூறுகளை யாரிடம் காட்டுவது என்று அந்தச் சமூகமே தீர்மானிக்கும் வகையில், விரிவான தரவை அதன் கிராம சபையிடம் ஒப்படைத்துவிடலாம்.