பாலாற்றுக் கலங்கல் நீரைச் சோதிக்கும்போது பணம் வீணாகும் இடங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த விவகாரத்தில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் ஆற்றைக் கண்காணிக்க வேண்டிய தேவை தீரவில்லை. சின்னத் தொகையை வைத்துக்கொண்டு கல்லூரி மாணவர்களோ ஊர்க்காரர்களோ இதில் இறங்கினால் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் லேபுக்குப் போகும் முன்பே மாதிரி கெட்டுவிட்டால், எவ்வளவு நல்ல கருவியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

வடிகட்டிய தண்ணீரை மட்டும் சோதிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்-3, சாதாரண ஆற்று நீரில் அதிகம் கரைந்திருக்காது. வீழ்படிவாகி நுண்ணிய களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். தண்ணீர் அறிக்கையில் குரோமியம் குறைவு என்று வந்தால் ஆறு சுத்தம் என்று அர்த்தமில்லை, வண்டலைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று அமிலம். உலோகச் சோதனைக்கு லேப் தரும் பாட்டிலில் பெரும்பாலும் நைட்ரிக் அமிலம் இருக்கும். கலங்கல் நீரை அப்படியே அதில் ஊற்றினால் மண்ணில் ஒட்டியிருந்த உலோகம் கழன்று தண்ணீரில் கலந்துவிடும், எது வண்டலில் இருந்தது எது கரைந்திருந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். அமிலம் வடிந்த நீருக்கு மட்டும். ஃபில்டரில் தங்கிய வண்டல் தனியாகப் போகட்டும். கண்ணாடி இழை ஃபில்டர் மலிவுதான், ஆனால் அதிலேயே கொஞ்சம் உலோகம் இருக்கும், அதனால் எந்த ஃபில்டரானாலும் பயன்படுத்தாத ஒன்றையும் கூடவே சோதனைக்கு அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை என்று தேதி குறித்துப் போகாதீர்கள். வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு இது; வண்டலில் மிகப் பெரிய பங்கு சில வெள்ள நாட்களிலேயே போய்விடும். அதிலும் பெரும்பாலும் வெள்ளம் ஏறும்போது இருக்கும் கலங்கல், அதே அளவு நீர் வடியும்போது இருக்காது. கரையோரம் வசிக்கும் ஒருவரிடம் சுத்தமான பிளாஸ்டிக் கேன்களைக் கொடுத்துவைத்து, புதுவெள்ளம் வந்ததும், பாதுகாப்பான இடத்தில் நின்று பிடிக்கச் சொல்வதுதான் உருப்படியான வழி. ஜி.ஐ. வாளி மட்டும் வேண்டாம், அதன் பூச்சே துத்தநாகம்.

ஓடைகளில் ஆள் நிற்காமலே வண்டல் பிடிக்க ஒரு வழி உண்டு. 2000-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட வடிவமைப்பு: ஒரு மீட்டர் நீள பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் 98 மி.மீ., இரு முனையிலும் மூடி, ஒவ்வொரு மூடியிலும் 4 மி.மீ. துளைக்குழல். உள்ளே வரும் நீரின் வேகம் சுமார் 600 மடங்கு குறைவதால் வண்டல் படிந்துவிடும். உள்ளூர் கடைச் சாமான்களிலேயே செய்துவிடலாம். மிக நுண்ணிய களிமண் கொஞ்சம் தப்பிப் போகும் என்பதால், ஓடைக்கு ஓடை ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், ஆறு சுமந்த மொத்த அளவைக் கணக்கிட இது போதாது.

கலங்கல் அளக்கும் மீட்டர் வேதியியலைச் சொல்லாது. எடையைக்கூட நேரடியாகச் சொல்லாது. ஒரே எடையில் களிமண் ஒரு எண் காட்டும், மணல் வேறு எண் காட்டும். அந்தந்த இடத்து நீரை வடிகட்டி, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, எடை போட்டு ஒப்பிட்ட பிறகே அதை நம்பலாம். பாதரசம் பார்ப்பதானால் அந்தச் சூட்டில் உலர்த்திய மண் உதவாது, ஆவியாகிப் போயிருக்கும். 40 டிகிரிக்குள் நிறுத்துங்கள்.

கடைசியாக, இரண்டு இடத்து எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஆலைமீது பழி போடாதீர்கள். நுண்துகள் அதிகமுள்ள மண்ணில் உலோகம் எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும். 63 மைக்ரானுக்குக் கீழான பகுதியை மட்டும் சலித்து அனுப்புங்கள், களிமண்ணில் இயல்பாகவே இருக்கும் அலுமினியத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லி குரோமியத்தை அதனோடு விகிதமாகப் பாருங்கள். எல்லா மாதிரியையும் ஒரே அமிலக் கலவையில் கரைக்கச் சொல்லி, எந்தக் கலவை என்பதை அறிக்கையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.