எச்.ஐ.வி. பரிசோதனை: கேட்கக் கூடாத கேள்விகள்

ஆய்வகங்களில் எச்.ஐ.வி.க்குச் செய்யப்படும் எலிசா, ரேபிட் பரிசோதனைகள் பெரும்பாலும் வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகளைத்தான் தேடுகின்றன. இது தெரியாமல், பரிசோதனையால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை அதனிடம் கேட்டுத்தான் பலர் வீணாக நிம்மதி அடைகிறார்கள், அல்லது வீணாகத் தூக்கம் கெடுகிறார்கள்.

சந்தேகத்துக்கு இடமான சம்பவம் நடந்த நான்காம் நாளே ரத்தம் கொடுத்துவிட்டு, 'நெகட்டிவ்' என்றதும் தப்பித்தோம் என்று நினைப்பது முதல் தவறு. பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கே, தொற்றைக் கண்டுபிடிக்கச் சம்பவத்திலிருந்து 18 முதல் 45 நாட்கள் ஆகலாம். ஆன்டிபாடியை மட்டும் பார்ப்பவற்றுக்கு 23 முதல் 90 நாட்கள். அந்த முதல் நாட்களில் ஓட வேண்டியது மருத்துவரிடம்: தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அந்தச் சம்பவத்தால் தொற்று வந்ததா என்பதைப் பரிசோதனை முடிவு அதற்குள் சொல்லாது.

அடுத்தது, ஒரே ஒரு 'ரியாக்டிவ்' முடிவை, அதாவது தொற்று இருக்கலாம் என்று காட்டும் முடிவை, தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 20 பேருக்குத் தொற்று இருக்கிறது. பரிசோதனை, தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தொற்றில்லாத சுமார் 50 பேருக்கு 'ரியாக்டிவ்' வரும். உண்மையான 20 பேரைவிட இது அதிகம்! அதனால்தான் இந்தியாவில் அறிகுறி இல்லாதவருக்கு வெவ்வேறு விதமான மூன்று பரிசோதனைகளிலும் ரியாக்டிவ் வந்தால்தான் 'பாசிட்டிவ்' என்று உறுதி செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இது இலவசம். தனியார் ஆய்வகத் தாளில் '1.3' என்று அச்சாகியிருக்கும் எண்ணை வைத்து நோயின் தீவிரத்தை அளப்பதும் வீண். அது கருவி கண்ட சமிக்ஞைக்கும், 'ரியாக்டிவ்' என்று சொல்வதற்கான வரம்பு அளவுக்கும் உள்ள விகிதம்தான். வரம்பை ஒட்டிய எண் என்றால் பொய்யான 'ரியாக்டிவ்' ஆக இருக்கும் வாய்ப்பே கூடுதல்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு வேறு. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி எலிசா எடுப்பார். பாசிட்டிவ் என்று வந்ததும் மனம் உடைந்து போவார். ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரத்தத்தில் இருக்கும். சிகிச்சை பலிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனை. சிகிச்சை தொடங்கிய 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது இங்குள்ள வழக்கம். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மிக ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கிய சிலருக்கு ஆன்டிபாடி குறைவாக இருந்து 'நெகட்டிவ்' வரலாம். அதைக் குணம் என்று நம்பி மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும்.

குழந்தைகள் விஷயத்தில் தொற்றுள்ள தாயின் ஆன்டிபாடி குழப்பும். பிறந்து 18 மாதம் வரைகூட அது குழந்தையின் ரத்தத்தில் இருக்கலாம். ஆகவே ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் உலர்த்திய ரத்தத் துளிகளில் வைரஸின் மரபணுவையே தேடுகிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் மற்ற பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் சொல்லாமல் சேர்த்துவிடுவது சில இடங்களில் நடக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, விவரம் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே பரிசோதிக்க வேண்டும். ஐயம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.